தாத்தாவின் பாக்கெட் வாட்ச்: கேஸ் முழுத் தங்கமா, தகடா?

பழைய பாக்கெட் வாட்ச்சின் கேஸ் தங்கம்தானா என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்த என் தாத்தாவின் வால்தம் (அமெரிக்கக் கம்பெனி) வாட்ச் என்னிடம் இருக்கிறது. பின்மூடிக்குள் ‘14 கே’ என்றும், அதன் கீழே ‘வாரண்டட் 20 இயர்ஸ்’ என்றும் பொறித்திருக்கிறது. நகைக்கடையில் கேரட் மீட்டரில் வைத்தபோது தங்கம் 58 சதவீதம் என்று காட்டியது. மீட்டரே சொல்லிவிட்டதே, இது முழுத் தங்கம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கேஸின் மேல்தோலை மட்டும்தான் பார்த்தது.

உங்கள் கேஸில் ‘14 கே’யைவிட முக்கியமானது அந்த ‘20 ஆண்டு’தான். தேய்மானத்துக்கு இத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று முழுத் தங்கக் கேஸ் எதிலும் யாரும் பொறித்ததில்லை. தேய்ந்தாலும் அடியில் தங்கமே இருக்கும்போது எதற்கு உத்தரவாதம்? 5, 10, 20, 25 என்று எந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலும் அது ‘கோல்டு ஃபில்டு’ கேஸ். 1859-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பாஸ் காப்புரிமை வாங்கிய முறை அது. பித்தளை போன்ற மலிவான உலோகத் தகட்டின் இருபுறமும் தங்கத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிய தகடாக இழுப்பார்கள். அந்தத் தகட்டிலிருந்துதான் கேஸ் வடிக்கப்படும். நம் ஊர் கவரிங் நகையோடு இதைச் சேர்க்கக் கூடாது. கவரிங்கில் இருப்பது மின்முலாம், மிக மெல்லியது. இதில் இருப்பது உண்மையான 14 கேரட் தகடு, தலைமுறை கடந்தும் நிற்பது. இன்னொன்றையும் கவனியுங்கள்: தங்கம் இருபுறமும் இருப்பதால் மூடியின் உட்புறமும் பொன்னாகவே தெரியும். ‘உள்ளேயும் தங்க நிறம்தான், அதனால் முழுத் தங்கம்’ என்ற முடிவு இங்கேதான் தவறிப்போகிறது.

மீட்டர் ஏன் ஏமாந்தது? கேரட் மீட்டர் எக்ஸ்ரே கதிரை அனுப்பி, உலோகம் திருப்பி உமிழும் கதிரை அளக்கிறது. தங்கம் அடர்ந்த உலோகம், கதிரை விழுங்கிவிடும். ஆகவே திரும்பி வரும் தகவல் மேலே உள்ள சுமார் 10 மைக்ரான் ஆழத்திலிருந்து மட்டுமே. நல்ல 20, 25 ஆண்டுக் கேஸ்களில் மேல்தகடு அதைவிடத் தடிமன். அடியில் இருக்கும் பித்தளை மீட்டரின் கண்ணுக்கே படாது. 14 கேரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம். தகட்டின் தரத்தைத்தான் உங்களுக்குக் காட்டியிருக்கிறது.

மீட்டரை வீணென்று சொல்லவில்லை, எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். மூடியின் நடுவில் வைக்கச் சொல்லாதீர்கள். கேஸ் எங்கே தேயும் என்று யோசித்து அங்கே வைக்கச் சொல்லுங்கள்: மூடியின் விளிம்பு, கட்டைவிரல் நகம் படும் உதடு, கீல் முடிச்சுகள், செதுக்கு வேலைப்பாட்டின் மேடுகள், சங்கிலி வளையம் உராயும் கழுத்து. ஐந்தாறு இடத்தில் அளந்தும் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தால் நல்ல அறிகுறி. தேய்ந்த இடத்தில் தங்கம் இறங்கி, தாமிரமும் துத்தநாகமும் ஏறினால் தகடு என்பது உறுதி. சாவி கொடுக்கும் குமிழையும் மேல் வளையத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழுத் தங்கக் கேஸிலும் அவை வேறு உலோகமாக இருப்பதுண்டு, பழுதுபார்த்தவர் மாற்றியிருப்பதும் உண்டு.

மீட்டருக்கு முன் கண்ணால் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் மூடி விளிம்பின் குறுக்குவெட்டைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடியுங்கள். பொன் நிறத்துக்கு நடுவே வெளிறிய அல்லது செம்மஞ்சள் கோடு ஓடினால் அடுக்குத் தகடு. கீல் இடுக்கில் பச்சை நிறக் களிம்பு இருந்தால் அடியிலிருக்கும் தாமிரம் வெளியே வருகிறது என்று பொருள்.

பொறிப்பைப் படிப்பதில் இன்னும் இரண்டு சங்கதிகள். ‘வாரண்டட்’ என்ற சொல்லைக் கண்டதுமே தகடு என்று தள்ளிவிடாதீர்கள். ‘14 கே – வாரண்டட் யு.எஸ். அஸே’ (அமெரிக்கச் சோதனைத் தரத்துக்கு உத்தரவாதம்) என்று ஆண்டுக் கணக்கு இல்லாமல் இருந்தால், அது முழுத் தங்கக் கேஸ்களில் வரும் வாசகம். மறுபக்கம், அமெரிக்காவில் தங்க முத்திரைக்குத் தேசிய அளவில் சட்டம் வந்தது 1906-இல்தான். அதற்கு முந்தைய கேஸில் வெறும் ‘14 கே’, ‘18 கே’ மட்டும் இருந்தால், செய்தவர் சொன்ன சொல் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை, சோதிக்கத்தான் வேண்டும். ஆண்டு உத்தரவாதம் பொறிப்பது 1924-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வந்தவற்றில் ‘14 கே கோல்டு ஃபில்டு’, ‘10 கே ரோல்டு கோல்டு பிளேட்’ (இன்னும் மெல்லிய தங்கத் தகடு) என்று நேரடியாகவே இருக்கும். ‘ஜே. பாஸ்’, ‘கிரெசன்ட்’, ஃபாஹிஸ் நிறுவனத்தின் ‘மான்டாக்’ ஆகியவை கோல்டு ஃபில்டு கேஸ்களின் பெயர்கள்.

வால்தம் என்ற பெயர் கேஸைப் பற்றி எதுவும் சொல்லாது. அன்றைய அமெரிக்காவில் மிஷினை ஒரு கம்பெனியும் கேஸை வேறொரு கம்பெனியும் செய்தன. கடைக்காரர்தான் வாங்குபவரின் வசதிக்கு ஏற்ப இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். அதனால் ஒரே மிஷின் நிக்கல் கேஸிலும் இருக்கும், 18 கேரட் கேஸிலும் இருக்கும். மிஷினில் உள்ள வரிசை எண்ணை வைத்து மிஷினின் வயதைக் கண்டுபிடிக்கலாம், கேஸின் உலோகத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால் தங்கம் என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

பதில்: பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, தாமிரத்திலும் வெள்ளியிலும் ஒட்டாது. எனவே இந்தச் சோதனையில் தெரிய வருவது ஒன்றுமில்லை. கெடுதல் மட்டும் உண்டு: மிஷினுக்குள் இருக்கும் மயிரிழை ஸ்பிரிங் எஃகால் ஆனது. அது காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். காந்தத்தை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: முன்மூடி, பின்மூடி, அதற்குள் இன்னொரு மூடி என்று மூன்று மூடிகள் உள்ள சுவிஸ் வாட்ச் எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளே ஒரு பெண்ணின் தலை மிகச் சிறியதாகப் பொறித்திருக்கிறது, பக்கத்தில் 0,750 என்று உள்ளது. மொத்த எடைக்கும் 18 கேரட் விலை கேட்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்தப் பெண் தலை சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வெட்டியா. 1880-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்நாட்டு அரசு சோதனைச் சாலைகள் 18 கேரட் கேஸுக்கு அடித்த முத்திரை. 14 கேரட்டுக்கு அணில், அதன் பக்கத்தில் 0,583 என்று இருக்கும். பிற்காலத்தில் நாம் காணும் 585 அங்கே இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம், அந்தக் காலத்து எண் 583தான். கரடியைப் பார்த்தால் அது வெள்ளி, மேலே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் வெள்ளிதான்.

மொத்த எடைக்கும் விலை என்பதுதான் தவறு. முதலில் மிஷின், டயல், கண்ணாடி எல்லாம் போக வேண்டும். அதன் பிறகும் ஒன்று மிச்சம்: மூன்றாவதான அந்த உள்மூடி. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘குவெட்’ என்று பெயர். மிஷினில் தூசி படாமல் காப்பது மட்டுமே அதன் வேலை, வெளியே யாரும் பார்ப்பதில்லை. அதனால் உண்மையான 18 கேரட் கேஸ்களிலும் குவெட்டைப் பித்தளையில் செய்து பொன்முலாம் பூசிவிடுவது வழக்கமாக இருந்தது. ‘குவெட் மெட்டல்’ அல்லது தாமிரம் என்பதற்கான ‘குய்வ்ர்’ என்ற சொல்லை அதிலேயே நேர்மையாகப் பொறித்துமிருப்பார்கள். ‘ஆங்க்ர்’, ‘15 ரூபி’ போன்ற பெரிய எழுத்துகளுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போகும். முன்மூடி, பின்மூடி, குவெட் மூன்றையும் தனித்தனியே லென்ஸில் பாருங்கள். ஹெல்வெட்டியா தலை எதில் இருக்கிறதோ அதற்கு மட்டும் 18 கேரட் கணக்கு. முன்மூடியில் முத்திரையே இல்லையென்றால், அது பின்னாளில் வேறு கேஸிலிருந்து எடுத்து மாட்டியதாக இருக்கலாம். அதைத் தனியாகச் சோதியுங்கள்.

மூடியைத் திறப்பதில் ஒரு வார்த்தை. குமிழை அழுத்தினால் முன்மூடி தானே எழும்பும். மூடும்போதும் குமிழை அழுத்திக்கொண்டே மூடி, பிறகு விரலை எடுங்கள். ‘டக்’ என்று சத்தம் வரும்படி அடித்து மூடினால் எஃகுக் கொக்கி தங்க விளிம்பை ஒவ்வொரு முறையும் அரம் போல அராவும். நாளடைவில் மூடி நிற்காமல் போகும். பின்மூடியைத் திறக்க நகம் போதும். அல்லது விளிம்பில் உள்ள உதட்டில் மழுங்கிய பிளாஸ்டிக் சீவலைக் கொடுங்கள். கத்தி வேண்டாம். கீலும் உதடும் இல்லாத மூடி என்றால் அது பெரும்பாலும் மரை மூடி, உள்ளங்கையில் அழுத்தி இடப்பக்கமாகத் திருகுங்கள்.

கேள்வி: உரசாமல், அறுக்காமல், அமிலம் வைக்காமல் உறுதியாகத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, அடர்த்தி பார்ப்பது. மேல்தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஏமாறாத சோதனை இது, ஏனென்றால் இதில் முழு உலோகமும் கணக்கில் வருகிறது. ஆனால் வெறும் கேஸ் மட்டும் வேண்டும். மிஷினோடு தண்ணீரில் இறக்கினால் மிஷின் துருப்பிடித்துச் செத்துவிடும். ஆகவே முதல் வேலை வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம்தான். மிஷின், டயல், கண்ணாடியை எடுத்துவிட்டு, கேஸ் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் எஃகு ஸ்பிரிங்குகளையும் கழற்றித் தரச் சொல்லுங்கள். மூடியுள்ள வாட்ச்சில் அவை இரண்டு: ஒன்று மூடியைத் தூக்குவது, மற்றது பூட்டுவது. குமிழையும் உருவித் தரச் சொல்லுங்கள், அதன் தண்டு எஃகு.

தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். நகைப் பட்டறைத் தராசு 0.001 வரை காட்டும், கிடைத்தால் இன்னும் நல்லது. கேஸை முதலில் காற்றில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேஸ் முழுதும் முங்கும் அளவுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கேஸை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. மூடிகள் திறந்திருக்கட்டும். இப்போது தராசு காட்டும் எண், கேஸ் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காற்றில் கண்ட எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

ஒரு கணக்கு: காற்றில் 42.60 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 3.20. வகுத்தால் 13.3. இது 14 கேரட். மஞ்சள் தங்கத்தில் 18 கேரட் சுமார் 15.2 முதல் 15.9 வரையும், 14 கேரட் பெரும்பாலும் 12.9 முதல் 13.6 வரையும், 9 கேரட் 11-ஐ ஒட்டியும் வரும். பித்தளை 8.4 முதல் 8.7. கோல்டு ஃபில்டு கேஸ் 9-க்கு அக்கம்பக்கம்தான் நிற்கும். முழுத் தங்கத்துக்கும் தகட்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் சின்னப் பிழைகள் தீர்ப்பை மாற்றாது.

பெரிய பிழை காற்றுக் குமிழி. கீல் குழாய்க்குள்ளும் விளிம்பு மடிப்பிலும் காற்று தங்கும். 0.2 மில்லிலிட்டர் காற்று இருந்தாலே மேலே சொன்ன 3.20 என்பது 3.40 ஆகி, அடர்த்தி 12.5-க்கு இறங்கிவிடும். கேஸைத் தண்ணீருக்குள்ளேயே ஆட்டி, மென்மையான பிரஷ்ஷால் தடவி, மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ காற்று இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றாமல் விட்டால் கணக்கு கொஞ்சம்தான் தவறும்: ஒன்றரை கிராம் எஃகு 13.3-ஐ 13.0 ஆக்கும். ஆனால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதற்காகவே கழற்றச் சொல்கிறோம்.

இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீத வெள்ளி) 10.4, 9 கேரட் தங்கம் 11 சொச்சம். பொன்முலாம் பூசிய வெள்ளிக் கேஸையும் 9 கேரட்டையும் பிரிக்க இந்த இடைவெளி போதாது. 10-க்கும் 11.5-க்கும் நடுவே எண் வந்தால் முத்திரையையும் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். முலாம் மெல்லியது என்பதால் இங்கே மீட்டர் அடியிலுள்ள வெள்ளியைக் காட்டிக்கொடுத்துவிடும். அடர்த்தியும் மீட்டரும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகின்றன.

கேள்வி: அப்பப்பாவின் வாட்ச் மூடிக்குள் ஒரு நங்கூரம், 9, .375, ஒரு எழுத்து, வேறு சில முதலெழுத்துகள் இருக்கின்றன. அடகுக் கடையில் உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்த்துவிட்டு, ‘தங்கமில்லை’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கிரீட முத்திரையும் இல்லை. போலியா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் சொல்லும் வரிசை பர்மிங்காம் சோதனைச் சாலையின் 9 கேரட் முத்திரை வரிசை. நங்கூரம் பர்மிங்காம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு வாளோடு மூன்று கோதுமைக் கட்டுகள். எழுத்து சோதித்த ஆண்டைக் குறிக்கும், முதலெழுத்துகள் கேஸ் செய்தவருடையவை. பிரிட்டனில் 9 கேரட் 1854 முதல் சட்டப்படி நடப்பில் இருக்கிறது. கிரீடத்தைத் தேடாதீர்கள்: அந்தக் காலத்தில் கிரீடம் 18, 22 கேரட்டுக்கு மட்டும். இந்த நான்கும் தெளிவாக, தனித்தனிக் கட்டத்துக்குள் அழுத்தமாக அடித்திருந்தால், அது 37.5 சதவீதத் தங்கம், உள்ளும் புறமும் ஒரே உலோகம்.

அடகுக் கடைக்காரரின் கையும் கண்ணும் 22 கேரட்டுக்குப் பழகியவை. அவரிடம் உள்ள ஒப்பீட்டு ஊசிகளும் (மாற்று தெரிந்த தங்கம் நுனியில் வைத்தவை) அமிலமும் உயர்ந்த மாற்றுக்கானவை. 9 கேரட்டில் தங்கம் அல்லாதது 62.5 சதவீதம், பெரும்பாலும் தாமிரமும் வெள்ளியும். அந்தக் கோட்டில் நைட்ரிக் அமிலம் பட்டால் கறுத்து மங்கும், அவர் கண்ணுக்குப் பித்தளை போலத்தான் தெரியும். 9 கேரட் ஊசி ஒன்றை அருகில் உரைத்து ஒரே நேரத்தில் அமிலம் விட்டு ஒப்பிட்டால்தான் நியாயமான தீர்ப்பு. கோல்டு ஃபில்டில் நடப்பது இதற்கு நேர்மாறு: மேலோட்டமாக உரைத்தால் தகட்டின் தங்கம் கல்லில் ஏறி ‘நல்ல தங்கம்’ என்று சொல்லிவிடும். பித்தளை தெரிய வேண்டுமென்றால் அரத்தால் ஆழமாக வெட்ட வேண்டும், அது கேஸுக்குக் காயம். பழைய கேஸில் அரம் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பிரிட்டிஷ் முத்திரையில் மக்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் சிங்கம். ஒரு கால் தூக்கி நடக்கும் சிங்கத்தைப் பார்த்துத் தங்கம் என்று மகிழ்பவர்கள் உண்டு. அது ஸ்டெர்லிங் வெள்ளியின் முத்திரை. 1844-க்கு முன்பு 22 கேரட்டுக்கும் அதே சிங்கம் அடித்தார்கள் என்பது உண்மை, ஆனால் அவ்வளவு பழைய தங்கக் கேஸ் கையில் கிடைப்பது அபூர்வம். வெளிநாட்டில் செய்து பிரிட்டனுக்குள் வந்த கேஸ்களுக்கு 1907 ஜூன் முதல் தனி முத்திரைகள் கட்டாயமாயின. பர்மிங்காமில் நங்கூரத்துக்குப் பதில் சமபக்க முக்கோணம். கேஸ் செய்யும் கம்பெனியான ‘டெனிசன்’ பெயரோடு ‘ஸ்டார்’, ‘மூன்’, ‘சன்’ என்று இருந்தால் அவை பர்மிங்காமிலேயே செய்த தகட்டுக் கேஸ்கள். அதே டெனிசன் முழுத் தங்கத்திலும் செய்தது, அவற்றில் சோதனைச் சாலை முத்திரை இருக்கும்.

கேள்வி: டயலில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று இருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் மிஷினும் பொன்னாக மின்னுகிறது. மதிப்பு அதிகமா?
– வாசகர், சென்னை

பதில்: மவுண்ட் ரோட்டில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பேர்பெற்ற கடை அது. டயலில் உள்ளது விற்றவர் பெயர். அதே பெயரில் வெள்ளிக் கேஸும் வரும், தங்கக் கேஸும் வரும். கேஸின் உட்புற முத்திரைதான் பேச வேண்டும். மிஷின் பொன்னாக இருப்பது பித்தளைத் தகட்டின் மேல் பூசிய முலாம், துரு அண்டாமலிருக்கச் செய்தது. சேகரிப்பவர்கள் இந்த மெட்ராஸ் பெயருக்காகவே கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பதால், டயலை மாற்றவோ மறுபடி எழுதவோ விடாதீர்கள்.

கேள்வி: கறுத்துப்போன கேஸைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? கறுத்தால் தங்கமில்லை என்றுதானே அர்த்தம்?
– வாசகி, மதுரை

பதில்: அப்படி அர்த்தமில்லை. 9, 14 கேரட்டில் உள்ள வெள்ளியும் தாமிரமும் வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும்.

புளி, சாம்பல், திருநீறு, பற்பசை எதுவும் வேண்டாம். பொடிகள் அராவும். தகட்டுக் கேஸில் நூறாண்டு தாங்கிய தங்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேய்த்து எடுத்துவிடலாம். முத்திரைகளும் மழுங்கும், பிறகு எதை வைத்து அடையாளம் காண்பது? புளித் தண்ணீர் மூடி இடுக்கு வழியே மிஷினுக்குள் இறங்கும். மிஷின் உள்ளே இருக்கும்போது உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி மட்டும் போதும். மிஷினைக் கழற்றிய சமயம் கிடைத்தால், எஃகு ஸ்பிரிங்குகளும் வெளியே இருக்கும்போது, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டுக் குழந்தைகளின் பல் பிரஷ்ஷால் கீலைச் சுற்றித் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு முழு நாள் உலரவிட்டு மாட்டச் சொல்லுங்கள். முத்திரைகளைப் படமெடுக்கவும் அதுவே நல்ல நேரம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்தால் மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும்.